பதினொரு ரூபாய்

கோரிமேட்டில் இந்த மருந்துக்கடை என்னுடையதல்ல,
அதன் இரவு மட்டும் என்னுடையது.
பத்து மணி முதல் ஆறு மணி வரை
அட்டை அட்டையாகத் திருப்பித் தேதி பார்ப்பேன்.
நெருங்கியது முன்வரிசைக்கு.
கடந்தது சிவப்புப் பெட்டிக்கு.
ஏழு வருடத்தில் ஒரு மாத்திரைகூட
என் கண்ணுக்குத் தப்பிக் காலாவதியானதில்லை.

திருப்பிப் பார்க்காத அட்டை ஒன்றே ஒன்று.

போன மே மாதம் ஏற்காட்டில்,
கோடை விழா நெரிசலில்,
ஏரிக்கரையில் குடை நட்டு நின்ற பையன் தந்தது.
கூடவே ஒரு பயணப் பை.
"வாழ்நாள் முழுக்க இலவசம்க்கா."
யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்கவில்லை.
பையின் ஜிப்
மலை இறங்கி முடிப்பதற்குள் வாயைப் பிளந்துவிட்டது.

மகளின் வேன் கட்டணம், கிரைண்டருக்கு மோட்டார்,
மாமியாரின் பல்.
பில் வந்தது: பதினாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
பதினாலாயிரத்து இருநூறு கட்டினேன்,
கெடு நாளுக்கு இரண்டு நாள் முன்பே.
கடைக்காரப் புத்தி. சில்லறையை உதறிவிட்டேன்.
இங்கே இரண்டு ரூபாய் பாக்கிக்கு
இருமல் மிட்டாய் இரண்டு தருவோம்,
யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

அடுத்த மாதம் வட்டி மட்டும் அறுநூற்று நாற்பத்தேழு.
வட்டிக்கு மேல் வரி.

பதினொரு ரூபாய்க்கா?
இல்லை மேடம், மொத்தத்துக்கும்,
வாங்கிய நாளிலிருந்து, என்றது
ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு குரல்.
லோகேஸ்வரன் பேசுறேன் மேடம்.
முழுசாகக் கட்டினால்தான் அந்த நாற்பது நாள் சலுகை.
ஒரு ரூபாய் குறைந்தாலும் சலுகையே இல்லை.

ஏற்காட்டில் பிடித்ததல்லவா, என்றேன்,
மழைக்காலக் காப்பித் தோட்டத்து அட்டைதான்.
கடிக்கும்போது தெரியாது,
செருப்பு நனைந்த பிறகுதான் குனிந்து பார்ப்போம்.

அவன் சிரித்தான்.
சிரிக்கக் கூடாது போலிருக்கிறது, உடனே நிறுத்தினான்.
நீங்க சேலமா மேடம்?
எனக்கு வாழப்பாடி.

பிறகு விசைப்பலகைச் சத்தம் கொஞ்ச நேரம்.
வட்டியை என்னால் எடுக்க முடியாது மேடம்.
ஆனா மாசம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது
ஏதோ பாதுகாப்புத் திட்டம்னு போகுது,
நீங்க கேட்டதா?
நான் கேட்கவில்லை.
நிறுத்திடுறேன்.
ஆட்டோ டெபிட் போடுங்க,
மினிமம்னு ஒரு கட்டம் முதல்ல வரும், அதைத் தொடாதீங்க.
மொத்தத் தொகை, பைசாவோட.
ஏடிஎம்ல மட்டும் இதைச் செருகவே செருகாதீங்க,
அதுக்கு நாற்பது நாளும் கிடையாது, நாலு நாளும் கிடையாது.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று
எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
நைட் ஷிஃப்ட்ல தலைவலிக்கு எது போடலாம், என்றான்.

முதலில் சாப்பிடு, என்றேன்.

காலி டப்பா ஒன்றில் பதினெட்டாம் தேதி என்று எழுதி
முன்வரிசையில் வைத்தேன்,
சர்க்கரை மாத்திரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நடுவே.
கதவுக்கு வெளியே சேர்வராயன் இருட்டில்
ஒற்றை லாரி விளக்கு,
வளைவில் மறைந்து மறைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பால்காரர்.
கழுத்து வலித் தைலம்.
மீதி மூன்று ரூபாய்.
கல்லாவைக் கிளறி எண்ணி வைத்தேன்.
மூன்று நாணயம்.

மிட்டாய் தரலையா, பாப்பா கேட்பாளே, என்றார்.

வேண்டுமானால் மூன்று ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள்,
என்றேன்.