ஏழு வீதம்

நூறு ரூபாய் வந்தால்
தொண்ணூற்று மூன்று கிணற்றுக்கு.
மீதி ஏழு, நான்.

நானும், காவலாளி சிவபாதமும்,
உட்துறைமுக வீதியில் வாடகைக்கெடுத்த மேல்மாடியும்,
கரண்ட் போனால் இருமி இருமி எழும்பும் ஜெனரேற்றரும்,
உப்புக்காற்றில் வருடத்துக்கு ஒன்றாய்ச் சாகும் பிரிண்டரும்,
நாலரைத் தேத்தண்ணியும்
எல்லாமாய்ச் சேர்ந்து ஏழு.
விளம்பரத் தாளில் எங்களைப் போடமாட்டார்கள்.
அங்கே ஒரு பிள்ளை குழாயடியில் சிரிக்கும்.
குழாய்க்கான பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்தது யாரென்று
காசு போடுகிற எவரும் கேட்பதில்லை.
நியாயம்தான்.

எப்போதும் தூறுகிற ஏதோ ஒரு நாட்டில்
ஓய்வூதியக்காரர் ஒருவர் மாதம் பத்துப் பவுண் எழுதுகிறார்.
அது தலைமையகத்தில் கொஞ்சம் இளைத்து,
கொழும்புத் தேசிய அலுவலகத்தின் குளிரூட்டிக்குக் கீழே
மூன்று மாதம் காத்திருந்து,
ஈச்சிலம்பற்றைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று
சத்தியம் செய்த பிறகே எங்கள் கணக்கில் இறங்கும்.
ஈச்சிலம்பற்றுக்கு வந்தது கிண்ணியாவுக்குப் போகாது.
கிணற்றுக்கு வந்தது வாளிக்குப் போகாது.
கயிறு வேண்டுமென்றால் ஒரு கடிதம்.
பதில் வர ஒரு காலாண்டு.

ரூபாய் விழுந்த வருடம்
இருந்தாற்போல் கணக்கில் காசு இரட்டித்தது.
சீமெந்து மூன்று மடங்கானது.
நாணயமாற்று இலாபம் என்று ஒரு வரி போட்டேன்.
இலாபத்தைத் தொட அனுமதி இல்லை,
நட்டத்தை எழுத நிரல் இல்லை.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழியாதது திரும்பிப் போகும்;
ஆகவே டிசம்பரில் பயிற்சிப் பட்டறைகள் முளைக்கும்.
மாரிமழைக்குள், உப்புவெளி ஹோட்டல் ஒன்றில்
பதாகை, கோப்புறை, மதியச் சாப்பாடு.
நானும் போயிருக்கிறேன். மீன் பொரியல் நன்றாயிருந்தது.

மார்ச்சில் கணக்காய்வாளர் விதானகே வந்தார்.
கதிரைகளை எண்ணினார். பதினாறு.
காலுடைந்ததையும் சேர்த்து.
பிறகு வாகனக் குறிப்பேட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தார்:
பதினொரு லீற்றர் அதிகம்.

டீசலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற காலம் அது.
சாரதி மிஸ்பாஹ் கதவடியில் நின்று சொன்னார்:
வெருகலில் இருந்து திரும்புகிற இரவு, வீதியோரம் ஒரு பெண்.
மூதூர் வரை. அங்கே ஏலாதென்று திருகோணமலை வரை.
துணைக்கு ஆளில்லையென்று அவளுடைய தாயை ஏற்ற
மறுபடி வெருகல் வரை.

விதானகே கெட்டவரில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.
"இதை எந்த வரியில் போடுவது?"
பிள்ளைப்பேறு எங்கள் திட்டத்தில் இல்லை,
நாங்கள் தண்ணீர், என்றேன்.
"தண்ணிக்குடந்தானே உடைஞ்சது" என்று
மிஸ்பாஹ் வாய்க்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

ஏப்ரல், மே, ஜூன் சம்பளங்களில் பிரித்துக் கட்டினார்.
கட்டிய காசுக்கும் ஓர் இடம் வேண்டுமே.
சாரதி கடன் என்றால் விசாரணை வரும்.
பிற வருமானம், உள்ளூர் நன்கொடை என்று பதிந்தேன்.
பெயர்: குறிப்பிட விரும்பாதவர்.

ஜூலையில் தேசியப் பணிப்பாளரே மின்னஞ்சல் எழுதினார்.
பதினான்கு வருடத்தில் திருகோணமலையின்
முதல் உள்ளூர்க் கொடையாளர்!
வாழ்த்துகள். ஆண்டறிக்கையில் பெட்டிச் செய்தி போடலாம்.
ஒரு படம் கிடைக்குமா?
அடுத்த வருடம் தொகையைக் கூட்டுவாரா என்று
மெதுவாய்க் கேட்டுப் பாருங்கள்.

யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
பிக்கப்புக்குக் கீழே மிஸ்பாஹ் மல்லாந்து படுத்து
எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.
இரண்டு கால் மட்டும் வெளியே.
கோட்டையில் இருந்து இறங்கி ஊர்மேயும் மானொன்று
அவருடைய சோற்றுப் பார்சலின் தாளைத் தின்றுகொண்டிருந்தது.

"மிஸ்பாஹ்!"
"என்ன சேர்?"
ஒன்றுமில்லை,
இன்றைய கிலோமீற்றர் எழுதியாயிற்றா என்றேன்.