ஆல்பேட்டை தாண்டி வந்த தண்ணீர்

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
பஸ்ஸை நிறுத்தி ஏறிய போலீஸ்காரர்
என் மடியிலிருந்த பையைத் தட்டிப் பார்த்து
என்ன சரக்கு என்றார்.
ரப்பர் பேண்டு இறுக்கிய
பாண்டிச்சேரித் தண்ணீருக்குள்ளிருந்து
இரண்டு ஏஞ்சல் மீன்கள்
பக்கவாட்டில் அவரைப் பார்த்தன.
இதுக்கு வரி உண்டா சார் என்றேன்.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.
பின்சீட்டில் ஒருவர்
லுங்கி மடிப்பை மெல்லத் தளர்த்திக்கொண்டார்.
அன்று அவர் பிழைத்தது என் மீன்களால்.

அது எண்பத்தெட்டு.
மின்வாரியத்தில் முதல் மாசச் சம்பளம்.
வீடு வீடாய்ப் போய் மீட்டர் பார்த்து
அட்டையில் எழுதும் வேலை.

அதற்கும் முன்னால்
கொசுவுக்காக நகராட்சி கிணற்றில் விட்ட கப்பிகளை
வாளியில் மொண்டு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தவள் நான்.
ஒன்று பத்தாகி, பத்து முப்பதாகி,
முப்பதில் பாதியைத் தாயே தின்று தீர்த்ததை
ஏழாம் வகுப்பில் பார்த்தேன்.
தாய்ப்பாசம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன வாரம்.
யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பத்தில் குடிபோன வீடுகளிலெல்லாம்
முதலில் குழாயைத் திறந்து நாக்கில் வைப்பேன்.
உப்பா, துருவா,
பெயர் தெரியாத வேறு ஏதாவதா.
பக்கெட்டில் இரண்டு நாள் ஆறப்போட்ட பிறகே
தொட்டியில் சேர்ப்பேன்.
கோபத்தையும் இப்படி ஆறப்போடலாமே என்பார்
ஞானப்பிரகாசம்.
நெல்லித்தோப்புக்காரர். மீன் என்றால்
அவருக்குக் குழம்பு.
கல்யாணமான புதிதில் தொட்டி முன்னால் நின்று
இதுல எதுக்கு முள்ளு கம்மி
என்று கேட்டவர்.

தானே புயல் அடித்த ராத்திரி
தொட்டியின் மோட்டார் நின்றது.
விடிந்தால் தெருவெல்லாம்
முறித்துப் போட்ட முறுக்காய் மின்கம்பங்கள்.
ஊரே என்னைப் பிடித்துக் கேட்டது:
மேடம், கரண்ட் எப்ப வரும்?
தெரியாது. தெரியாது.
சொல்லிச் சொல்லி
அதுவே என் பெயரென்று ஆகிவிட்டது.
ராத்திரி வீட்டுக்கு வந்து
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவேன்,
மொண்டு ஊற்றுவேன்,
கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று.
கை மரத்துப்போகும் நேரத்தில்
ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து
சொம்பை வாங்கிக்கொள்வார்
முள்ளு கம்மி கேட்டவர்.

நான்காம் நாள்
அந்த ஏஞ்சல்களின் எத்தனையாவதோ பேத்திகள்
ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.
மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கத் தெரிந்த
கௌராமியும் சக்கரும் பிழைத்தன.
மறுநாள் ஆபீஸ் போனேன்.
இன்னும் பதினோரு நாள்
தெரியாது சொன்னேன்.

செத்ததையெல்லாம் முருங்கைக்கு அடியில் புதைப்பது வழக்கம்.
அட்டை போடாத கணக்கு,
முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கே கிடக்கிறது.
காய் சதைப்பற்றோடு காய்க்கிறது.
பக்கத்து வீட்டு சுபத்ரா டீச்சர் சுத்த சைவம்.
வாரம் ஒரு கட்டு கொடுப்பேன்.
உங்க மரத்துக் காய்க்குத் தனி ருசி என்கிறார்.
அதையும் சொல்லவில்லை.

இப்போது தொட்டியில் சக்கர் மட்டும்.
அழகுக்காக வாங்கியதில்லை,
பாசி தின்னட்டும் என்று
கொசுறு மாதிரி கூடவே வந்த கறுப்பு.
சாண் தாண்டி வளர்ந்துவிட்டது.
கெடிலத்தில் விட்டுவிடுங்களேன் என்கிறார்கள்.
விட்டால் ஆற்றுமீன் முட்டைகளை
வழித்துத் தின்றுவிடும்.
கெடிலத்துக்கு இருக்கிற கஷ்டம் போதும்.

ரிடையரான பிறகு
காலையெல்லாம் அதன் முன்னால்தான் என் நாற்காலி.
கண்ணாடியில் வாயை ஒட்டி
வெளுத்த வயிற்றைக் காட்டியபடி தொங்கும்.
நிழல் விழுந்தால் ஒரு செதில் அசையும்,
என் நிழலுக்கும் காலண்டர் நிழலுக்கும்
ஒரே மாதிரி.

நேற்று சமையலறையிலிருந்து வந்து பார்க்கிறேன்,
வெள்ளரித் துண்டை நூலில் கட்டி
தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார்
ஞானப்பிரகாசம்.
என்னைப் பார்த்ததும் நூலை விடாமல்,
இதுக்கு முள்ளு ஜாஸ்தி, என்றார்.