தொப்பளான் கொல்லை

தாது வருஷத்துக்கு மறு வருஷம்
கடப்பைச் சீமையிலிருந்து இறங்கினார் நாரப்ப ரெட்டி.
சித்தூர் தாண்டுவதற்குள் ஒரு மாடு செத்தது.
அந்தப் பக்கத்து நுகத்தடிக்குத் தன் தோளைக் கொடுத்து
ஜவ்வாது அடிவாரம் வந்து சேர்ந்தார் என்பது
கல்யாண வீடுகளில் நாங்கள் சொல்லும் கதை.
"வெறுங்காடு. தர்க்காஸ்து போட்டு வாங்கினது"
என்று பெரியப்பா முடித்துவைப்பார்.

பாகப்பிரிவினைக்காகப் போளூரிலிருந்து
பழைய செட்டில்மெண்ட் நகல் எடுத்துவந்தேன்.
நாலு ஏக்கர் முப்பது சென்ட். தரிசு.
கடைசிக் கட்டத்தில், வேறு மையில்:
புளியமரம் ஏழு, காய்ப்பு.

புளி காய்க்கப் பத்து வருஷமாவது ஆகும்.
ஏழும் இன்னும் நிற்கின்றன, ஒரே வரிசையில்.
குரங்கு துப்பிய கொட்டை
நூல் பிடித்து முளைக்காது.

மல்லாட்டை போடும் அந்த நிலத்துக்குத்
தொப்பளான் கொல்லை என்று பெயர்.
எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.
வைக்கவும் மாட்டோம்.

முதல் உழவில் கொழு தட்டிய கல்லைச்
சாமி என்று நட்டு
வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம்.
அதன் நடுவே, எத்தனையோ கைகள்
மிளகாய் அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளம்.
ஊற்றுகிற எண்ணெய் அங்கேதான் தேங்கும்.

பத்திரம் எழுதுகிற மேகவர்ணம்
பேனாவை நிறுத்திக் கேட்டார்:
"நாரப்ப ரெட்டி சரி. அதுக்கு முன்ன?"

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.

"அதுக்கு முன்ன மழை இல்ல"
என்றார் பெரியப்பா.

என் பங்கில் மூன்று மரம் வந்தது.
இந்த வருஷம் நல்ல காய்ப்பு.