ஒன்றுக்குப் பல

பரதராமி செக்போஸ்ட் தாண்டி ஆறாவது கிலோமீட்டரில்
மாம்பழக் கூழ் ஃபேக்டரி. ஜூன் பத்தொன்பது,
இரவு இரண்டேகால்.
வெளியே எடைமேடைக்கு நாற்பத்து மூன்று லாரிகள்.
உள்ளே நான், ஒரு மேசை ஃபேன்,
கணக்கு ஒத்துவராத ஒரு க்வெரி.

தெலுங்கில் திட்டி முடித்து
தமிழில் கெஞ்ச ஆரம்பிக்கிறார் வாசுதேவ நாயுடு:
"ஆறு லட்சம் குடுக்கணும். முப்பத்தாறு காட்டுதும்மா."

முப்பத்தாறு ஆறால் வகுபடும்.
பாதிக் கவலை அங்கேயே போயிற்று.
மீதியில்லாமல் வகுபடும் தப்பு
திருட்டாக இருக்காது,
ஜாயினாகத்தான் இருக்கும்.

ஒரு லோடுக்கு எடை இரண்டு தரம்:
பாரத்தோடு ஒன்று, வெறும் வண்டியாய் ஒன்று.
கழிவு மூன்று: அழுகல், பிஞ்சு, காம்பு.
எனக்கு முன்னிருந்தவன்
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிந்துவைத்திருக்கிறான்.
ஒவ்வோர் எடையும் ஒவ்வொரு கழிவோடும் ஜோடி சேர
ஒரு லோடு ஆறு லோடாய்ப் பெருகி நிற்கிறது,
மாமரம் எதுவும் அறியாமல்.

இத்தனை வருஷம் இது வெளியே தெரியவில்லை.
டிஸ்டிங்ட் என்று ஒரு போர்வையை மேலே போட்டிருந்தான்.
நேற்று அதை உருவியது நான்தான்.
வேறென்ன செய்ய,
சேர்க்காடு முனிரத்தினம் ஒரே நாளில் கொண்டுவந்த
இரண்டு டிராக்டரும் அச்சாய் மூவாயிரத்து நூற்றிருபது கிலோ.
போர்வை ஒன்றை விழுங்கிவிட்டது.
"நான் ரெண்டு தடவ வந்தேன்" என்பதை
அவர் மூன்று வாரமாய் ஜன்னலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எடையைத் தனியே கூட்டினேன்,
கழிவைத் தனியே கூட்டினேன்,
அப்புறம் சேர்த்தேன்.
ஆறு லட்சத்துப் பதினோராயிரம்.
நாயுடு டீ வாங்கிவரப் போனார்.

தூங்கியிருக்கலாம்.
பாக்கிப் பட்டியலைப் பார்த்துத் தொலைத்தேன்.
'எட்டு ரூபாய் அல்லாத லோடெல்லாம் கொடு' என்றால்
விலையே பேசாத லோடுகள் வருவதில்லை.
எட்டா என்றால் தெரியாது,
எட்டு இல்லையா என்றாலும் தெரியாது,
தெரியாது என்பவனை எந்தக் கதவும் உள்ளே விடுவதில்லை.
அறுபத்தெட்டுப் பேர் இப்படி
நல் என்ற ஒரு சொல்லுக்குள் பதுங்கிக் கிடந்தார்கள்.
பெயர் பெயராக வெளியே கூப்பிட்டேன்.

விடிந்ததும் வந்தாள் கெங்கம்மா.
"என் தோட்டம், என் காய், நானே வண்டியில ஒக்காந்து வந்தேன்.
பணம் பலமநேர்ல இருக்கிற ஆளுக்குப் போயிருக்குது."

தேடினேன். விவசாயி அட்டவணையின் சாவி:
கைபேசி எண்.
இரண்டு வருஷம் முன் வீட்டுக்கொரு போன் போதும் என்று
யாரோ நினைத்திருக்கிறார்கள்.
தெய்வசிகாமணி போகும்போது
கட்டிலை விட்டுவிட்டு சிம்மை எடுத்துப்போனான்.
நிலம் அவள் பேரில்,
மரம் பதினேழு ஏக்கருக்கும் அவள் பேரில்,
அவள் மட்டும் அவன் நம்பரில்.

அட்டவணையை உடைத்தேன்.
ஆள் ஒன்று, போன் வேறொன்று.
ஓர் ஆளுக்குப் பல போன் இருக்கலாம்,
ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம்,
ஆனாலும் ஆள் ஆள்தான்.
நாலாயிரத்துப் பதிமூன்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"இது என்ன நம்பர்? சர்வே நம்பரா?"
இல்லை.
"ஆதார்ல வருதா?"
இல்லை. இதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.
"யாராச்சும் எடுத்துக்கினு போவ முடியுமா?"
முடியாது.
"அப்ப இதுவே இருக்கட்டும்."

போன மாதம் போன பணம் வராது, அதையும் சொன்னேன்.
சொன்னதைக் கேட்டாள், சீட்டை மடித்தாள்,
லாரி வரிசையை ஒட்டி நடந்து போனாள்.

பெங்களூரா நானூற்றைம்பது டன், தோத்தாபுரி இருநூறு டன்
என்று திரையில் இன்னும் இரண்டு வரி.
இரண்டும் ஒரே பழம். எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு பேர்,
அந்தப்பக்கம் ஒரு பேர்.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.
டீ ஆறிவிட்டது.