அப்பத்தோடு நின்றுபோகும் ஜெபம்

எப்போது ஜெபம் செய்கிறாய் என்று கேட்டாய், அஸ்த்கிக்,
காலுறை நெய்யும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் குரல் உயர்த்தி.
காதில் விழாததுபோல் நூல்கண்டை மாற்றினேன்.
வெட்கம்.

மூன்று வருடமாக நான்
பரமண்டல ஜெபத்தை முடித்ததே இல்லை.
அப்பம் கேட்கிற வரிவரை வருவேன்.
சரியாக அங்கேதான் கைக்குழந்தை மெஹெர் வீறிடுவான்,
அல்லது தாதெவ் தண்ணீர் கேட்பாள்,
அல்லது அடுப்பில் விறகு சரிந்து வீடெல்லாம் புகை,
அல்லது ஒன்றுமே நடக்காது;
அப்பம் என்ற சொல்லிலேயே உறங்கிப்போவேன்,
வாயில் வாங்கிய கவளத்தை மெல்லாமல்
தூங்கிவிடும் பிள்ளைபோல.

கும்ரியின் குளிர் உனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டின் குளிர் தெரியாது.
பூகம்பத்துக்குப் பிறகு தற்காலிகம் என்று கொடுத்த தகரப்பெட்டி;
அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.
சுவரின் உள்பக்கம் பனி பூக்கும்,
தாதெவ் அதில் விரலால் பூனை வரைவாள்.
சம்வேல் கிராஸ்நோயார்ஸ்கில் கம்பி கட்டுகிறான்.
ஞாயிறுதோறும் பேசுவான்,
பாதியில் அறுந்துபோகும்.
எங்கள் வீட்டில் எல்லாமே பாதிதான்.

போன செவ்வாய்க்கிழமை
மூத்தவன் கரேகின், பனியில் நனைந்த பூட்ஸை
அடுப்பின் மேலேயே வைத்துவிட்டான்,
நான் வருவதற்குள் காயட்டும் என்று.
கதவைத் திறந்தபோதே ரப்பர் நாற்றம்.
இருப்பது அந்த ஒரு ஜோடி.
வர்துஷின் கடை நோட்டில் எங்கள் பெயருக்கு
ஏற்கெனவே இரண்டு பக்கம்.
கத்தினேன்.
சொல்லக் கூடாததையும் சொன்னேன்:
உன்னால்தான் உன் அப்பா அங்கே பனியில் சாகிறார் என்று.
எட்டு வயது.
அழுதிருந்தால் அணைத்திருப்பேன்.
அழவில்லை.
உருகிய ரப்பரை அடுப்பிலிருந்து
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

அன்றிரவு விளக்கணைத்து
மெஹெரை மடியில் போட்டு ஆரம்பித்தேன்.
அப்பம் வந்தது.
நின்றேன்.
அன்று யாரும் அழவில்லை. புகை இல்லை. தூக்கமும் இல்லை.
அடுத்த வரி மன்னிப்பு, அஸ்த்கிக்.
அது தொண்டையில் குறுக்கே நின்றது, மீன்முள்போல.

அப்போது கம்பளிக்கு அடியிலிருந்து
வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்
கரேகின் தொடர்ந்தான்.
கடன்களை மன்னிக்கச் சொன்னான்.
நாங்களும் மன்னிக்கிறோம் என்றான்.
தீமையிலிருந்து விலக்கச் சொல்லி, ஆமென் வரை போய்,
பிறகு மெதுவாக ஒன்று சேர்த்தான்:
வர்துஷ் அத்தை நோட்டில இருக்கிறதையும், ஆண்டவரே.

டேய், எத்தனை நாளாய் இப்படி?
எப்பவுமேதான் அம்மா.
நீ நிறுத்தினதும் மிச்சத்தை நான் சொல்லிடுவேன்.
பாதி ஜெபம் எப்படிப் போய்ச் சேரும்?

மூன்று வருடம்.
நான் பாதியில் கீழே போட்டதையெல்லாம்
என் பிள்ளை எடுத்து அனுப்பியிருக்கிறான்.
நான் கற்றுக்கொடுக்கவில்லை.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
இருட்டில் போய் அவன் பக்கத்தில் படுத்தேன்.
மன்னிப்பு கேட்டேன், முதலில் அவனிடம்.
ம், என்றான். காலை என் கால்மேல் போட்டான்.
ஐஸ் மாதிரிக் கால்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
பூட்ஸுக்குப் பழைய டயர்த் துண்டு ஒட்டியிருக்கிறேன்,
உள்ளே ஜோடி சேராத நம் ஆலைக் காலுறைகள் இரண்டு அடுக்கு.
நோட்டில் மூன்றாம் பக்கம் தொடங்கிவிட்டது.
நேற்றும் அப்பத்தோடுதான் நின்றேன்.
ஆனால் நின்ற இடத்தில் காது கொடுத்துப் படுத்திருந்தேன்.

பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாமல் வந்து நிற்கிறாய்.
உன் சட்டை முன்புறம் நனைந்திருக்கிறது, பார்.
ஜெபிக்க முடியவில்லை என்று நீயும் அழாதே.
எதுவரை முடிகிறதோ அதுவரை போ.
இப்போது எழுந்திரு,
பின்னறையில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டு வா.
மேற்பார்வையாளர் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.
உன் இயந்திரத்தில் மிச்சம் இருப்பதை
நான் ஓட்டிவிடுகிறேன்.