கழுவிய பாத்திரம்

தாணுலிங்கம் கடையில்
மஞ்சப் பட்டாணிப் பருப்பு அரைக்கிலோ என்றேன்.
"துவரையில கலக்குற சாமானை
தனியாட்டு கேட்டு வந்த ஆளு நீருதான்" என்று
சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்தார்.

ஆலிவ் எண்ணெய் குளச்சலில்
மருந்துக்கடையில்தான் கிடைத்தது,
உள்ளங்கையளவு குப்பி.
பிள்ளைக்குத் தேய்க்கவா, ஆணா பெண்ணா என்று
கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்.
பருப்புக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு
பெண் என்றேன்.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
எங்கள் வீட்டில் இன்று இறைச்சி இல்லை, மீன் உண்டு.
கப்பலில் லெஃப்டெரிஸ் நோன்பென்றால்
மீனும் முட்டையும் பாலும் விட்டு
இந்த மஞ்சள் ஒன்றுதான்.
ஃபாவா என்பான்.
பாவம் என்று என் காதில் விழுந்தது முதல்நாள்.

அவன் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.
அவன் சமைக்கிறவன், நான் கழுவுகிறவன்.
பதினோரு மாதம்
அந்தப் பண்டத்தை
அடியிலிருந்து மேலாகப் படித்தேன்.

விளிம்பில் காய்ந்த நுரை வளையம்:
முதல் கொதியில் வழித்து எறிந்திருக்கிறான்,
கொஞ்சம் தப்பியிருக்கிறது.
சல்லடையில் ஒரு பிரிஞ்சி இலை,
வெந்து கரைந்த வெங்காயத்தின் கடைசித் தோல்,
எலுமிச்சை விதை நாலு.
கடுகு கிடையாது.
என் நகம் மஞ்சளானதில்லை,
ஆக நிறம் பருப்பின் சொந்த நிறம்.
சோப்பை இரண்டுமுறை தோற்கடிக்கும் எண்ணெய்.
ராத்திரி விட்டுவைத்தால்
காலையில் சிமெண்டு;
வெந்நீர் ஊற்றிக் காத்து நிற்கணும்.

குக்கரை எடுக்கவில்லை. திறந்த பாத்திரம், சிறு தீ.
ஜெசிந்தா கேட்காமலே
தேங்காய்முறியும் சீரகமும் கொண்டு வைத்தாள்.
தள்ளி வைத்தேன்.
பருப்பு குமிழ்விட்டு என் மணிக்கட்டில் தெறித்தது.
இறக்கி, மத்தால் கடைந்து,
எண்ணெயை நூலாக விட்டேன்.
ஓடியது, தண்ணீராய்.
"ரசம்னு சொல்லி ஊத்திருவோமா?" என்றான் ரெஜின்.
ஆறட்டும் என்றேன்.

"அங்கயும் இதே ருசிதானா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
"தெரியாது. அது ஆபீசர் மெஸ்ஸுக்கு உள்ளது.
நமக்கு வேற, சோறும் கோழியும்."
உள்ளி நறுக்கிய கத்தி நின்றது.
பிறகு முன்னைவிடப் பொடியாக நறுக்கியது.

முழுக்கத் தெரியாது என்பதும் பொய்.
ஜிப்ரால்டர் கடந்த ஓர் இரவு, மணி இரண்டு,
தண்ணீர் ஊற்றும் முன்
விளிம்போரம் ஒரு விரல் ஓட்டினேன்.
குளிர்ச்சி. உப்பு. மழை தொட்ட மண்போல் ஏதோ.
விழுங்கிய பிறகு எலுமிச்சை.
வாசலில் யாரும் இல்லையே என்று பார்த்தேன்.
என்னிடம் இருக்கும் அளவு அந்த ஒரு விரல்.

சாயங்காலம் தட்டில் இறுகியிருந்தது.
கரண்டி கீறிய சால் மூடிக்கொள்ளவில்லை,
அதில் எண்ணெய் நின்றது.
மேலே உள்ளி.
அவன் தூவும் பச்சை மொட்டுக்கு நான் எங்கே போக?
குலசேகரத்திலிருந்து மைத்துனன் கொடுத்த
பச்சை நல்லமிளகு, உப்புநீரில் ஊறியது.
கோரித் தின்ன அவித்த மரச்சீனி.

ரெஜின் ஊறுகாய் கேட்டான்.
ஜெசிந்தா ஒன்றும் சொல்லாமல்
இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.
நான் என் தட்டை விட்டு எழுந்து
அடுக்களைக்குப் போனேன்.
பாத்திரம் அங்கே இருந்தது.
விளிம்போரம், ஒரு விரல்.

தரை ஆடவில்லை.
மற்றபடி அதேதான்.

பின்னால் வந்தவள்
"தள்ளுங்க, கழுவிப் போடுறேன்" என்று
குழாயில் கை வைத்தாள்.
இப்ப வேண்டாம் என்றேன்.
இறுகட்டும்.
காலையில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.