காலி

குர்லா டிப்போ பின்புறம்
மணல் அடைத்த பீப்பாய்.
வேன் திரும்பியதும் குழலை அதற்குள் காட்டி
அப்புறம்தான் துப்பாக்கியை மடக்கித் திறப்பேன்.
சிவப்புத் தோட்டா இரண்டும் உள்ளங்கைக்கு வந்த பிறகும்
சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன்,
இடது அறை. வலது அறை.
எண்ணெய்ப் பிசுக்கு, வேறொன்றுமில்லை.

"காலி ஹை யார்" என்று சிரிப்பான் கெய்க்வாட்.
போன ஜூலையிலும் அதையேதான் சொன்னான்.
தகரக் கூரை சல்லடையாகி
பதிவேட்டு மேசைமேல் இன்னும் ஒழுகுகிறது;
கையெழுத்துப் போட நாற்காலியை நகர்த்திக்கொள்கிறோம்.

காலி.
அவன் இந்திக்கும் என் தமிழுக்கும் பொதுச்சொல்.
எங்கள் பக்கம் ஆள் போய்ச் சேர்ந்தாலும்
அதே சொல்தான்.

எட்டு பதினேழு லோக்கலில்
கம்பியைப் பிடிக்கையில்கூட
ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டி நிற்கிறது.
அடிபட்டுதா என்று கேட்டார் ஒருவர்.
பழக்கம் என்றேன்.